பேய் வீடு பார்க்க எங்கே போகலாம்? மாரிட்ஸ்பர்க், கிம்பர்லி, கேப் டவுன்: எது யாருக்குச் சரி

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் பெற்றோர், ஜூன் மாதம் பிறந்தால் என்னிடம் ஒரு கேள்வியோடுதான் நிற்பார்கள். பள்ளி விடுமுறை வருகிறது, பிள்ளை எங்கிருந்தோ பார்த்துவிட்டு வந்து "பேய் வீடு பார்க்கணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறது, எங்கே கூட்டிப்போகலாம்? போன மாதம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஓர் அம்மா கேட்டார். அவர் வீட்டில் மூன்று கட்சி. மகனுக்குப் பேய் வேண்டும். கணவருக்குப் பெட்ரோல் கணக்கு. பாட்டியான ஆயாவோ, "செத்தவங்க நடமாடுற வீட்டுக்குப் பச்சப் புள்ளய ஏன் கூட்டிட்டுப் போறீங்க" என்று விபூதி டப்பாவோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாராம்.

தென்னாப்பிரிக்காவில் ஆவி நடமாடுவதாகப் பேர் வாங்கிய பழைய வீடுகள் நிறைய. அதில் மியூசியமாகத் திறந்திருப்பவை, குடும்பத்தோடு போகக்கூடியவை என்று பார்த்தால் டர்பன்காரர்கள் வழக்கமாகத் தடுமாறுவது மூன்று இடங்களுக்கு நடுவில்: பக்கத்தில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் மக்ரோரி ஹவுஸ், நடுநாட்டில் கிம்பர்லியின் வைர முதலாளிகள் வீடுகள், தெற்குக் கோடியில் கேப் டவுன் கோட்டை. மூன்றுக்கும் போயிருக்கிறேன். மூன்றும் மூன்று விதம்.

எதை வைத்து எடை போடுவது?

முதலில் இதைத் தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் நான்கு விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, கதைக்கு வேர் இருக்கிறதா. "இங்கே ஒரு வெள்ளை உருவம் வரும்" என்று எந்த வீட்டிலும் சொல்லலாம். இன்ன ஆள், இன்ன வருஷம், இன்ன அறை என்று காட்ட முடிகிற வீடு வேறு. பிள்ளைகள் நினைவில் தங்குவது இரண்டாவது வகைதான்.

இரண்டு, அந்த வீட்டில் வேலை செய்தவர்கள் கண்ணில் படுகிறார்களா. இது எனக்கு மிகவும் முக்கியம். சாப்பாட்டு மேஜை, வெள்ளிக் கரண்டி, பட்டுத் திரை எல்லாம் காட்டுவார்கள். அந்தக் கரண்டியைத் துலக்கியது யார், அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று காட்டும் வீடுகள் குறைவு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் கரும்புக்காட்டுக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்கும் பரிமாறவும் துணி வெளுக்கவும் போனார்கள். பழைய பங்களா வாசலில் நிற்கும்போது நமக்கு அந்த வீட்டோடு உறவு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்வாசல் வழியாக உறவு இருக்கலாம்.

மூன்று, முழுச் செலவு. நுழைவுச் சீட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த மூன்று இடத்திலும் செலவில் அதுதான் மிகச் சிறியது.

நான்கு, கூட யார் வருகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலி உள்ள தாத்தாவும் இருந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

மாரிட்ஸ்பர்க்: மக்ரோரி ஹவுஸ்

டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். என்-3 சாலையில் மரியன்ஹில் சுங்கச்சாவடி தாண்டி ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். வீடு இருப்பது பழைய லூப் ஸ்ட்ரீட்டில். இப்போது அதன் பேர் ஜாபு ந்த்லோவு ஸ்ட்ரீட்.

வில்லியம் மக்ரோரி என்ற பிஷப்பின் வீடு இது. இவர் ஏன் இந்த ஊருக்கு வந்தார் என்பதே நல்ல கதை. நேட்டாலின் முதல் பிஷப் ஜான் கொலென்சோ. பைபிளில் உள்ளதெல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்ததல்ல என்று அவர் எழுதப் போக, கேப் டவுனில் இருந்த மேல் பிஷப் ராபர்ட் கிரே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். கொலென்சோ லண்டன் வரை போய் வழக்கில் ஜெயித்துத் தன் கோயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். அதனால் 1869-இல் 'மாரிட்ஸ்பர்க் பிஷப்' என்று புதுப்பட்டம் உண்டாக்கி மக்ரோரியை அனுப்பினார்கள். ஒரே ஊரில் இரண்டு பிஷப், இரண்டு பெரிய கோயில், எதிரெதிராகப் பல வருஷம். 1891 வரை மக்ரோரி அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வீட்டில் அவர் வழிபட்ட சிறிய ஜெபக்கூடம் ஒன்று உண்டு. நான் போனபோது என்னோடு வந்த பிள்ளைகள் அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள், அங்கே மட்டும் தாமாகக் குரலைத் தாழ்த்தினார்கள். பூஜை அறை வாசலில் நிற்பது போல் நின்றார்கள். பயம் என்று சொல்ல மாட்டேன்.

பேய்க்கதை என்று பார்த்தால், நான் கேட்டவரை இங்கே பேர் சொல்லிச் சுட்டும் ஆவி கிடையாது. காலடிச் சத்தம், பக்கத்து அறையில் ஆள் இருப்பது போன்ற உணர்வு, இப்படித்தான் சொல்கிறார்கள். மரத்தரை, தகரக் கூரை போட்ட பழைய நேட்டால் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: பகலெல்லாம் காய்ந்த தகரம் சாயங்காலம் ஆறும்போது "டிக், டிக்" என்று கூரை முழுக்க நடந்து போகும். என் தாத்தா வீட்டிலும் அது கேட்கும். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கே, அறிமுகமில்லாத வீட்டில் அதே சத்தம் வந்தபோது ஒரு நொடி கழுத்து திரும்பியது.

பலவீனம் என்ன? கதைக்கு வேர் குறைவு. வீடும் சிறியது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை மட்டும் நம்பிப் போனால் பதினைந்து வயதுப் பையன் காரில் முகம் தூக்கிக்கொண்டு உட்காருவான். சிறிய மியூசியங்களில் ஆள் குறைவு, திறக்கும் நாட்கள் அடிக்கடி மாறும். போன் பண்ணி உறுதி செய்யாமல் காரை எடுக்காதீர்கள். ஒருமுறை இந்த வட்டாரத்தில் வேறொரு சிறிய மியூசியத்துக்குப் பதினொரு பிள்ளைகளோடு போய், பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு, கேட்டோரம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு தனி பலம் உண்டு. பாதி நாளில் வீடு முடிந்தால் மீதி நாள் நம்முடையது. 1893 ஜூன் 7-ஆம் தேதி ராத்திரி காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது. பழைய லாங்மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், நேட்டால் தமிழர்களுக்கெல்லாம் தெரிந்த சிவசுப்பிரமணியர் மாரியம்மன் கோயில். ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை தீ மிதிக்கும் கோயில் அதுதான். அந்தத் தெருவின் இன்றைய பேர் லங்காலிபலேலே ஸ்ட்ரீட். ஹ்லுபி மக்களின் தலைவரான லங்காலிபலேலேயை 1874-இல் நேட்டால் அரசு விசாரணை என்ற பேரில் ஒரு நாடகம் நடத்தித் தண்டித்தபோது, அவருக்காகத் துணிந்து வாதாடிய வெள்ளைக்காரர் மேலே சொன்ன அதே கொலென்சோ. இதைப் பிள்ளைகளுக்கு நடந்துகொண்டே சொல்லலாம். லங்காலிபலேலேயைக் கேப் டவுன் பகுதியில் மறுபடி பார்ப்போம், நினைவில் வையுங்கள்.

கிம்பர்லி: வைர முதலாளிகளின் வீடுகள்

பேய்க்காகவே போகிறவர்களுக்கு இந்த நாட்டில் கிம்பர்லியை மிஞ்சிய ஊர் கிடையாது. ஒரு வீடு மட்டுமில்லை, ஊரே அப்படி. பெல்கிரேவியா பகுதியில் ரட் குடும்பத்தின் பங்களா, ஆர் குடும்பத்தின் டன்லூஸ் என்ற சிவப்பு வெள்ளை வீடு, அருகே மக்ரெகர் மியூசியம். 1897-இல் உடல்நலம் தேற வருகிறவர்கள் தங்கும் சானடோரியமாகக் கட்டப்பட்ட கட்டடம்தான் இப்போது மக்ரெகர் மியூசியம். 1899 அக்டோபர் 14 முதல் 124 நாள், டச்சு வழி வந்த போயர்களின் படை ஊரைச் சூழ்ந்திருந்தபோது வைர முதலாளி செசில் ரோட்ஸ் தங்கியிருந்தது இங்கேதான். அப்புறம் பல வருஷம் கன்னிமார் (கன்னியாஸ்திரீகள்) நடத்திய பள்ளியாக இருந்தது. அதனால் இங்கே ரோட்ஸும் வருகிறார், கன்னிமார் அங்கி போட்ட ஓர் உருவமும் வருகிறது என்று சொல்கிறார்கள்.

வேர் உள்ள கதை வேண்டும் என்றால் பழைய பொது நூலகம்; இப்போது ஆப்பிரிக்கானா நூலகம். 1900 முதல் இங்கே நூலகராக இருந்தவர் டையர். நன்றாக உழைத்தவர். கணக்கில் முறைகேடு செய்தது வெளியே வந்ததும் நஞ்சு குடித்தார்; உடனே சாகாமல் கிடந்து துன்பப்பட்டு இறந்தார். 1908-இல். அவர் இன்றும் புத்தகங்களை எடுத்து மாற்றி அடுக்குகிறார், தேநீர்க் கோப்பைகள் கிலுங்குகின்றன என்று ஊரார் சொல்கிறார்கள். இரும்புப் படிக்கட்டும் உயரமான மர அலமாரிகளுமாக இருக்கும் அந்தக் கூடத்தில் நின்று இதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. ஒரு மனிதன் அவமானத்தில் செத்த இடத்தில் நூறு வருஷம் தாண்டியும் அவனுடைய ஒழுங்கு பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ராத்திரி நேரப் பேய்ச் சுற்றுலா நடத்துகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கதை சொல்லும் திறமையில் மூன்று ஊர்களில் இதுதான் முதல். ஆனால் செலவைக் கேளுங்கள்.

டர்பனிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஹாரிஸ்மித், பெத்லஹெம், ப்ளூம்ஃபொன்டெய்ன் வழியாகப் போனால் நிறுத்தி நிறுத்தி ஒன்பது மணி நேரம் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள். சுற்றுலா ராத்திரி என்பதால் குறைந்தது இரண்டு ராத்திரி தங்க வேண்டும். வழியில் மரியன்ஹில், மூய் ரிவர், டுகேலா, ப்ராண்ட்ஃபோர்ட் என்று சுங்கம் கட்டிக்கொண்டே போகணும். ஜூலை ராத்திரி அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். டர்பன் குளிருக்கு வாங்கின ஜாக்கெட் போதாது. நாலு பேருக்குக் கனமான உடுப்பு வாங்கினால் அதுவும் பயணச் செலவுதான். ரட் ஹவுஸ், டன்லூஸ் இரண்டும் நினைத்த நேரத்தில் போய் மணி அடிக்கிற இடங்கள் இல்லை, முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்க வேண்டும். ராத்திரிச் சுற்றுலாவுக்கும் குறைந்தபட்ச ஆள் கணக்கு வைப்பார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்: பதிவு செய்திருந்தோம், ஆள் சேரவில்லை என்று அன்று மத்தியானம் செய்தி வந்தது. இன்னொரு ராத்திரி தங்கித்தான் பார்த்தோம். அந்த ஒரு ராத்திரி அறை வாடகை, நாலு பேரின் சுற்றுலாச் சீட்டை விட அதிகம்.

சாப்பாடும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசி விடுமுறை என்றால் புரட்டாசி. நம்மில் பல வீட்டில் அந்த மாதம் முட்டை கூடக் கிடையாது. மாரிட்ஸ்பர்க்கில் அது ஒரு பிரச்சினையே இல்லை. கேப் டவுனிலும் சமாளிக்கலாம். கிம்பர்லியில் மூன்று நாள் சைவம் என்றால் புளிச்சாதமும் ஊறுகாயும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்வது நல்லது.

என் இரண்டாவது அளவுகோலில் கிம்பர்லி எப்படி? நான் போன ராத்திரியில் முதலாளிகளும் படைவீரர்களும் கன்னிமாரும் வந்தார்கள். சுரங்கத்தில் இறங்கியவர்கள் வரவில்லை. வைரத்துக்காக அந்த ஊரின் பெரும்பள்ளத்தை 1871 முதல் 1914 வரை வெட்டியது அவர்கள். கறுப்பினத் தொழிலாளிகளை வேலை ஒப்பந்தம் முடியும்வரை வெளியே விடாமல் காம்பவுண்டுகளில் அடைத்து வைத்திருந்தார்கள். முற்றுகையின்போது பசியிலும் நோயிலும் அதிகம் செத்ததும் அவர்கள்தான். செத்தவர்கள் நடமாடுவது உண்மையானால் அந்த ஊரில் முதலில் நடமாட வேண்டியவர்கள் யார் என்று என் மகள் காரில் திரும்பும்போது கேட்டாள். பதினாலு வயது. அந்தக் கேள்விக்காகவே 800 கிலோமீட்டர் போனது சரிதான்.

கேப் டவுன்: கோட்டை, அப்புறம் அடிமைகள் விடுதி

கோட்டையை வீட்டு மியூசியம் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். உள்ளே ஆளுநர் குடியிருந்த வீடு இருக்கிறது. அந்த அறைகளில்தான் வில்லியம் ஃபேர் சேர்த்த பழைய ஓவியங்களும் மேஜை நாற்காலிகளும் இருக்கின்றன. கதைகளும் அங்கேதான் குடியிருக்கின்றன.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666-இல் கட்டத் தொடங்கி 1679-இல் முடித்த ஐங்கோணக் கோட்டை. இந்த நாட்டில் இன்றுவரை நிற்கும் காலனியக் கட்டடங்களில் மிகப் பழையது. வாசல் கோபுரத்தில் தொங்கும் மணி 1697-இல் ஆம்ஸ்டர்டாமில் வார்த்தது. அந்த மணிக்கயிற்றிலேயே ஒரு சிப்பாய் தூக்குப் போட்டுக்கொண்டான், அப்புறம் கோபுர வழியை அடைத்துவிட்டார்கள், இன்றும் சில நேரம் மணி தானாக அடிக்கிறது என்பது ஒரு கதை.

எனக்கு அதைவிட ஆளுநர் வான் நூட் கதைதான் நெஞ்சில் நிற்கிறது. தப்பியோட முயன்ற சிப்பாய்களுக்குச் சபை கசையடி விதித்ததாம். இல்லை, தூக்கு என்று ஆளுநர் பிடிவாதம் பிடித்தாராம். 1729 ஏப்ரல் 23. கயிறு கழுத்தில் விழும்போது கடைசி ஆள், "கடவுளின் நீதிமன்றத்துக்கு உன்னை இப்போதே கூப்பிடுகிறேன்" என்று சபித்தான். முடிந்ததைச் சொல்ல அதிகாரிகள் ஆளுநர் அறைக்குப் போனபோது அவர் நாற்காலியில் செத்துக்கிடந்தார். ஆளுநர் அந்த நாளில் இறந்தது பதிவான சேதி. சாபம் மக்கள் சேர்த்தது. கண்ணகி வழக்குரைத்ததும் பாண்டியன் அரியணையிலேயே விழுந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை புதிதே இல்லை. தமிழ் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் தாமே முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொருவர் ஆன் பார்னர்ட் சீமாட்டி. 1797 முதல் சில வருஷம் ஆங்கிலேய ஆட்சியில் கோட்டையில் விருந்துகளை நடத்தியவர். முக்கியமான விருந்து நடந்தால் இன்றும் வந்து பார்க்கிறாராம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் பேய் இவர்தான், யாரையும் பயமுறுத்துவதில்லை.

அப்புறம் இருட்டுக்குழி. டச்சு மொழியில் 'டொங்கர் காட்'. சன்னல் இல்லாத சிறை. நாங்கள் போன அன்று வழிகாட்டி எங்கள் கூட்டத்தை உள்ளே விட்டு, "தயாரா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். கண் பழகும் என்று காத்திருந்தேன். பழகவே இல்லை. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன், தெரியவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தேன்; சில்லென்று, கொஞ்சம் ஈரமாக இருந்தது. பழைய நாளில் கடல் இந்தச் சுவர் பக்கம் வரை இருந்தது, துறைமுகத்துக்காக மண் கொட்டித் தூர்த்த பிறகுதான் அது தள்ளிப்போனது. பத்து விநாடி இருக்கும். யாரோ ஒரு பிள்ளை "அம்மா" என்றது. கதவு திறந்தது. இதைத் தாங்க மாட்டாத பிள்ளையோ, மூடின இடத்தில் மூச்சு முட்டுகிற பெரியவரோ கூட இருந்தால் முன்னாலேயே வழிகாட்டியிடம் சொல்லி வெளியே நிறுத்திவிடுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

லங்காலிபலேலேயை இங்கே மறுபடி பார்க்கலாம். முற்றத்தில் அவருக்கும் ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவுக்கும் சிலை இருக்கிறது. மாரிட்ஸ்பர்க்கில் தெருப்பெயராகப் பார்த்தவரைப் பிள்ளைகள் இங்கே ஆளாகப் பார்த்தால் இரண்டு பயணமும் ஒன்றாகிவிடும்.

ஆனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். இதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பத்து நிமிஷ நடையில், ஆடர்லி ஸ்ட்ரீட் முனையில் அடிமைகள் விடுதி இருக்கிறது. 1679-இல் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டியது. 1811 வரை அதற்கே பயன்பட்டது. கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகளோடு வங்காளம், மலபார், சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்களும் உண்டு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தார்கள், 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1659 முதல் இரண்டு வருஷம் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் வந்தபோது மக்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்க, கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். ட்ரூரோ வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்னாலேயே தமிழ் பேசிய வாய்கள் இந்த நாட்டில் இருந்திருக்கின்றன. அந்தப் பேச்சு அவர்களோடு போய்விட்டது. பேரையும் எடுத்துவிட்டார்கள். வந்து இறங்கின மாதத்தை வைத்து பிப்ரவரி, செப்டம்பர் என்றும், ஊரை வைத்து 'வான் பெங்கால்', 'வான் கொரமண்டல்' என்றும் எழுதிக்கொண்டார்கள்.

விடுதிக்குப் பின்னால் சர்ச் ஸ்கொயரில் கருங்கல் துண்டங்கள் வரிசையாக இருக்கின்றன, சிலவற்றில் அடிமைகளின் பேர்களை வெட்டியிருக்கிறார்கள். என் அத்தை கூட வந்திருந்தார், எழுபத்தொன்று வயது. கல்லில் யாரோ காபி சிந்திக் காய்ந்திருந்தது. கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கைக்குட்டையை நனைத்து அந்த எழுத்துகளைத் துடைத்தார். "தர்ப்பணம் பண்ணும்போது கடைசியா, விட ஆள் இல்லாதவங்களுக்குன்னு ஒருதடவை எள்ளுத்தண்ணி விடுவாங்கல்ல, உங்க மாமா விடுவாரு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை அந்தக் கல்லோரம் ஊற்றிவிட்டு எழுந்தார்.

செலவு பெரிதுதான். சாலை வழி 1,600 கிலோமீட்டருக்கு மேல்; காரில் போவதை நான் சொல்ல மாட்டேன். விமானம் இரண்டு மணி நேரம். விடுமுறை முதல் வாரத்துச் சீட்டை இரண்டு மூன்று மாதம் முன்னால் எடுத்தால் பரவாயில்லை, கடைசி நேரத்தில் கையைக் கடிக்கும். அங்கே ஜூன், ஜூலை மழைக்காலம். மேசை மலையும் பார்க்கலாம் என்று நினைத்துப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. கோட்டையும் விடுதியும் கூரைக்குள் என்பதால் மழை நாளுக்கு இவை சரியான இடங்கள். கோட்டை முற்றத்தில் கருங்கல் பாவிய தரை சமமில்லை, படிகள் உயரம். தாத்தாவுக்குக் கைத்தடியும் நல்ல செருப்பும் வேண்டும். நகர நடுவில் போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், பொழுது சாய்வதற்குள் வண்டி பிடித்துவிடுங்கள்.

பக்கத்தில் பக்கமாக வைத்தால்

| | மாரிட்ஸ்பர்க் | கிம்பர்லி | கேப் டவுன் |
|---|---|---|---|
| டர்பனிலிருந்து | 80 கி.மீ. | சுமார் 800 கி.மீ. | 1,600 கி.மீ.க்கு மேல் |
| தேவைப்படும் நாள் | ஒன்று | குறைந்தது மூன்று | மூன்று, நாலு |
| கதையின் வேர் | குறைவு | நூலகத்தில் வலு, வீடுகளில் நடுத்தரம் | மிக வலு |
| நேரம் | பகல் | ராத்திரி | பகல் |
| வேலை செய்தவர்கள் தெரிகிறார்களா | நாமே கேட்டால்தான் | குறைவு | அடிமைகள் விடுதியைச் சேர்த்தால் மிக நன்றாக |
| எதிர்பாராத செலவு | பூட்டிய கதவு | கூடுதல் ராத்திரி, குளிர் உடுப்பு, சுங்கம் | கடைசி நேர விமானச் சீட்டு |
| சின்னப் பிள்ளைகள் | சரி | பத்து வயதுக்கு மேல் | சரி, இருட்டுக்குழி தவிர |

ஆயா சொல்வதை என்ன செய்வது?

சிரித்து ஒதுக்காதீர்கள். பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. மூன்று இடத்திலும் என் கண்ணுக்கு எதுவும் தெரிந்ததில்லை; தெரிந்தது என்று சொல்கிறவர்களைப் பொய்யர் என்றும் சொல்ல மாட்டேன். ஆயா கவலைப்படுவது துர்மரணம் நடந்த இடத்தை வேடிக்கையாக மிதித்துவிட்டு வருகிறோமே என்றுதான். அது நியாயமான கவலை. அமாவாசை, வீட்டில் துக்கம் நடந்து பதினாறு முடியாத நாட்கள், இவற்றைத் தவிர்த்து நாள் பாருங்கள். திரும்பி வந்ததும் வாசலில் கால் கழுவி, கற்பூரம் காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடும். ராத்திரி தூக்கத்தில் அலறும் பிள்ளை என்றால் மட்டும் ஆயா பக்கம் நில்லுங்கள், இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்.

அப்படியானால் நீங்கள் எங்கே?

கையில் ஒரே நாள், சின்னப் பிள்ளை, கூடப் பெரியவர்கள் என்றால் மாரிட்ஸ்பர்க். வீடு, ஸ்டேஷன், கோயில், சாயங்காலம் வீட்டில் தேநீர். யோசிக்கவே வேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகள், ராத்திரிப் பயம்தான் வேண்டும், குளிரும் தூரமும் பரவாயில்லை என்றால் கிம்பர்லி. வழியில் ப்ளூம்ஃபொன்டெய்னில் உறவு இருந்தால் இன்னும் நல்லது, பயணத்தை இரண்டாக உடைத்துக்கொள்ளலாம். ராத்திரிச் சுற்றுலாவைப் போய்ச் சேரும் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். தள்ளிப்போனால் அடுத்த நாள் கையில் இருக்கும்.

ஊரிலிருந்து, அதாவது சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் பக்கமிருந்து விருந்தாளி வருகிறார், வாழ்நாளில் ஒருமுறைதான் இந்த நாட்டைப் பார்ப்பார் என்றால் கேப் டவுன், வேறு பேச்சே இல்லை. காசு சேர்த்து ஒரு வருஷம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. காலையில் கோட்டை, மத்தியானம் அடிமைகள் விடுதி, இந்த வரிசையிலேயே போங்கள். மாற்றிப் போனால் விடுதிக்குப் பிறகு கோட்டையின் ஓவியங்களைப் பார்க்க மனசு வராது.

எங்கே போனாலும் வழிகாட்டியிடம் பிள்ளையை விட்டே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இந்த வீட்டில் சமைத்தவங்க எங்கே தூங்கினாங்க?" கிம்பர்லியில் ஒரு வீட்டில் என் மகள் இதைக் கேட்டபோது வழிகாட்டி கொஞ்சம் நின்றார். அப்புறம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத பின்கட்டுக் கதவு ஒன்றைத் திறந்து காட்டினார். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கவே இடம் போதாத அறை. சுவரில் ஓர் ஆணி.

சாட்ஸ்வர்த் அம்மாவுக்கு நான் சொன்னது மாரிட்ஸ்பர்க். வியாழக்கிழமை போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்களாம். ஆயாவும் போயிருக்கிறார், கோயில் வரும் என்று சொன்னதால்.